குச்சித் தேர்வு

ஏப்ரல் கடைசி வெள்ளி.
வாசல் மிதியடிக்கு அடங்காமல்
உடற்பயிற்சிக் கூடம் வரை வந்துவிட்டது சேறு.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மேடை,
ஓரத்து மேசையில் காப்பிக் குடுவை,
ஒரு புறம் மட்டும் வெந்த பக்வீட் அப்பங்கள்.

வடக்கு மெய்னில் வனவியல் படிக்கப்
பத்தொன்பது பேர் சேர்ந்தோம்.
பதினோரு பேர் மிஞ்சினோம்.
முதலாவது ஒடீல் திபடோ.
இரண்டாவது நான்.
நடுவே அரை மதிப்பெண்.

அந்த அரை எங்கே விழுந்ததென்று எனக்குத் தெரியும்.
பிப்ரவரி, குச்சித் தேர்வு:
இலையில்லாத நாற்பது சுள்ளிகள்,
ஆரஞ்சு நாடாவில் எண், சுள்ளிக்கு அரை மதிப்பெண்.
பதினேழாவதில் நான்
மொட்டைப் பார்த்தேன், பட்டையைப் பார்த்தேன்,
வெள்ளை பிர்ச் என்று எழுதினேன்.
பின்னால் வந்தவள்
நகத்தால் கீறி முகர்ந்தாள்.
தசைப்பிடிப்புக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசனை.
மஞ்சள் பிர்ச்.
ஹாக்கி ஆடி முழங்கால் வீங்கிய இரவெல்லாம்
அந்த வாசனையில்தான் தூங்கியிருக்கிறேன்.
மூக்கு என்னிடமும் இருந்தது.

டீன் விட்கம் ஒலிவாங்கியைத் தட்டி
அவள் சராசரியைத் தசமப்புள்ளியோடு வாசித்தார்.
வாரம் நான்கு இரவு
பெட்ரோல் நிலையத்தில் அவள் கல்லாவில் இருந்தது
அதில் வரவில்லை.
ரசீதுத் தாளின் பின்புறம் லத்தீன் பெயர்களாக நிரப்பியதும்,
அந்தச் சுருள்களை நான் இரவல் வாங்கிப் படித்ததும்
வரவில்லை.

கைதட்டினேன்.
கொஞ்சம் தாமதமாக ஆரம்பித்து
கொஞ்சம் அதிகமாகத் தட்டினேன்.
மரலாரி ஓட்டும் அவள் அப்பா
இரண்டு விரலை வாயில் வைத்து அடித்த விசில்
ஓயும்வரை டீன் காத்திருந்தார்.

பரிசு ஒரு மரவட்டு.
ஸ்ப்ரூஸின் குறுக்குவெட்டு, பட்டை உதிராமல்,
எண்ணெய் மெருகில்,
சூட்டுக்கோலால் பொறித்த பெயரோடு.
அவள் பெயரைப் பார்க்கவில்லை.
வட்டைத் திருப்பி
டீன் பேசப் பேசவே
பின்முகத்து வளையங்களைக் கட்டைவிரலால் எண்ணினாள்.
படமெடுப்பவர் இரண்டு தரம்
'இங்கே, இங்கே' என்றார்.

இறங்கி நேராக என் நாற்காலிக்கு வந்தாள்.
'உன் களக்குறிப்பேடு எங்கே?
ஏழாம் துண்டு. இருநூற்றுப் பன்னிரண்டு.'

அக்டோபரில்
அவள் நாடாவைச் சுற்றி எண் சொன்னாள், நான் எழுதினேன்.
பிறகு வயது பார்க்க
நாலரை அடி உயரத்தில் துளைப்பானைத் திருகியது நான்.
மூன்று தரம் திருகினேன்.
மூன்று தரமும் மையம் தப்பியது.
நான்காவது தரம் வேண்டாம், மரம் பாவம் என்றாள்.
ஜனவரியில் ஏழாம் துண்டைக் கலைத்தார்கள்.
எந்த மரம் எங்கே போகிறதென்று
நாங்கள் கேட்கவில்லை.

இப்போது வட்டின் பின்முகத்தில்
பட்டையிலிருந்து உள்ளே
ரம்பம் பிளந்த மூன்று தடங்கள்,
பென்சில் பருமனில்.
ஒன்று இடம் தள்ளி, இரண்டு வலம் தள்ளி
நம்பிக்கையோடு நேராகப் போயிருந்தன.

'இது நீ' என்றாள்.
இன்னும் உள்ளே, நகக்கண் அகலத்தில்
நெருக்கியடித்த எட்டு வளையங்களைக் காட்டி,
'இது மொட்டுப்புழு.'

சட்டைப்பையிலிருந்து நாடாவை எடுத்தாள்.
விருது விழாவுக்கும் நாடாவோடு வந்திருக்கிறாள்.
குறிப்பேட்டில் என் கையெழுத்து: பன்னிரண்டு புள்ளி நான்கு அங்குலம்.
நாடாவில்: பன்னிரண்டு புள்ளி ஒன்று.
நான் தப்பாக எழுதினேனோ என்று
முகம் சூடேறியது.
'காய்ந்தால் சுருங்கும்' என்றாள்,
'நீ சரியாகத்தான் எழுதியிருக்கிறாய்.'

அதற்குள் மேடையில் யாரையோ
இரண்டாம் முறையாகக் கூப்பிட்டார்கள்.
'ரெமி மிஷோ' என்பது நான்தான்.
முழங்கையால் இடித்து அனுப்பினாள்.

இரண்டாம் இடத்துக்கு
ரம்பச் சங்கிலி எண்ணெய் வாங்க இருபது டாலர் கூப்பன்.
வாங்கியதும் மூக்கருகே கொண்டுபோனேன்.
கூட்டம் சிரித்தது.
எந்த மரமென்று தெரியவில்லை.