எஃகில் ஒரு கடற்கரை

புந்தா அரேனாசில் காற்றுக்கென்று
தெருவோரம் கயிறு கட்டியிருக்கும்.
அதைப் பிடித்துக்கொண்டுதான் வங்கிக்குப் போக வேண்டும்.
அந்த ஊரில், ஜலசந்தியைப் பார்த்து,
ஒன்பது மீட்டர் உயரத்துக்கு
ஒரு கடற்பாசியை நிறுத்தப்போவதாக
ஸ்லாதா பரியா விண்ணப்பம் கொடுத்தாள்.

நகராட்சியில் கட்டுமான அனுமதி என் மேசை.
"பாசி எப்படி நிற்கும்?" என்றேன்.
"நிற்காது. ஆடும்."
எரிவாயுக் குழாய்களைப் பற்றவைத்துப் பழகிய கை.
இடப்புருவத்தில் பாதியைத் தீப்பொறி தின்றிருந்தது.

பையிலிருந்து ஈரமாக எதையோ எடுத்து
என் கோப்புகளின் மேல் வைத்தாள்.
பாறையைப் பற்றியிருந்த பாசியின் அடிப்பிடி.
விரலுக்குள் விரலாய்ப் பின்னல்,
நடுவே ஒரு குட்டி நண்டு, உயிரோடு.
"அடித்தளத்துக்கு இதுதான் வரைபடம்."

கணக்குக் கேட்டேன். கொண்டுவந்தாள்:
காற்று தண்டைக் கடக்கையில்
இடமும் வலமுமாய் உதிர்க்கும் சுழிகள்,
நொடிக்கு எத்தனை,
எந்த வேகத்தில் அவை தண்டின் சொந்தத் துடிப்போடு
கூட்டுச் சேரும்,
எங்கே தடிப்பைக் கூட்டினால் தப்பலாம்.
பிழை தேடி இரண்டு இரவு விழித்திருந்தேன்.
கிடைக்கவில்லை. முத்திரை குத்தினேன்.

பதினான்கு மாதம் ஆடியது.
மேல்காற்று நாளில் அடித்தொண்டையில் ஒரு முனகல்;
நாய்கள் தலைசாய்த்துக் கேட்கும்.
கடற்படைக்காரர்கள் அதன் முன்னே தொப்பியைக் கழற்றினார்கள்,
மரியாதையால் அல்ல,
பறந்துவிடும் என்று.

நவம்பரில் ஓர் இரவு விழுந்தது.
ஆளுக்கு அடியில்லை. ஒரு பெஞ்சு, ஒரு சைக்கிள்.
என் கையெழுத்து வயிற்றைப் பிசைய
விடியுமுன் ஓடினேன்.
அவள் முன்பே வந்து மண்டியிட்டிருந்தாள்,
முறிந்த முனையில் டார்ச் அடித்தபடி.

அழுகிறாள் என்று நினைத்தேன்.
"குனிந்து பார்" என்றாள்.

உள்ளங்கையகல எஃகு.
ஓரத்தில் கடுகளவு ஒரு பள்ளம்,
பற்றவைப்பில் சிக்கிய குமிழி.
அங்கிருந்து வளைவு வளைவாய்க் கோடுகள்,
வற்றும் கடல் மணலில் விட்டுப்போவதுபோல,
சிப்பியின் முதுகில் வயது ஏறுவதுபோல.
அப்புறம் கடைசி ஒரு துண்டு மட்டும்
கரடுமுரடாய், நேற்றிரவு கிழிந்தது.

"இது மார்ச் புயல்." விரல் வைத்தாள்.
"இங்கே நெருங்கி நெருங்கி வருதே, அக்டோபர்.
இந்த இடைவெளியில் ஜூலை. காற்றே இல்லை, நினைவிருக்கா?"
"குமிழி?"
"அது நான். அன்றைக்குச் சளி.
முகமூடிக்குள் தும்மிவிட்டேன்."

அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில்
தும்மலை எப்படி எழுதுவது?
மூன்று நாள் பேனாவை மூடித் திறந்தேன்.

பிறகு அவளுடைய இரண்டாம் விண்ணப்பம் வந்தது.
உயரம்: ஒன்றுமில்லை.
காற்றுச் சுமை: கோடு போட்டு அடித்திருந்தாள்.
அந்த முறிவை அறுபது மடங்கு பெருக்கி
கரையோரம் தரையோடு தரையாக வார்த்தாள்.
பிள்ளைகள் மார்ச்சிலிருந்து அக்டோபருக்குத் தாவுகிறார்கள்.
ஜூலையில் யாரோ சாண்ட்விச் பிரிக்கிறார்கள்.

தும்மல் இப்போது ஒரு பெரிய தட்டளவு.
மழை விட்டதும்
நாய்கள் அதில் வந்து குடிக்கின்றன.