ஐம்பத்தொன்று தசம் மூன்று எட்டு

தேயிலைச் சீமையில் காப்பியின் பெயரோடு ஒரு கார்.
கப்புச்சினோ.
முன்பு இந்த மலையெல்லாம் காப்பிதானாம், நோய் கண்டு செத்ததாம்;
இது மட்டும் ஜப்பான் போய்த் திரும்பி வந்திருக்கிறது.
அறுநூற்று ஐம்பத்தேழு சீசீ. மூன்று சிலிண்டர்.
ஹட்டன் நாய்கள் இதைக் கண்டால்
குரைப்பதா விளையாடுவதா என்று யோசிக்கும்.

சித்திரைப் பந்தயத்துக்கு மூன்று மாதம் இருக்க
ரிஸ்மி பாஸ் சொன்னார்:
“பூஸ்ட்ட இனியும் கூட்டினா
எஞ்சின் வெளிய வந்து எங்களோட பேசும்.
பாரத்தக் குறைங்க.”

குறைத்தேன்.
ஸ்பெயார் வீல், ரேடியோ, ஹீட்டர், இடது வைப்பர்,
டாஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையார்.
அவரைச் சட்டைப் பைக்கு மாற்றினேன்.
அதுவும் பாரம்தானே என்றார் பாஸ்,
கேட்காத மாதிரி இருந்தேன்.
கடைசியாக நான்கு போல்ட்,
இடப்பக்க இருக்கை.
லீக்ஸ் நிறுக்கும் தராசில் பதினொன்றரைக் கிலோ.
தராசுக்காரர் விலை கேட்டார்.

யோகமலர் டிக்கோயா ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து வந்து
வெறும் தகட்டையும் நான்கு ஓட்டைகளையும் பார்த்தாள்.
“நான் நாப்பத்தொம்பது,” என்றாள்.
“அதையும் சேத்து எழுதிக்கங்க.”

மகாகஸ்தோட்டையில் காலையிலேயே முகில் இறங்கிவிட்டது.
சரிவெல்லாம் குடைகள், குடைக்கடியில் பிள்ளைகள்.
பின் டயருக்கு மரக்கட்டை கொடுத்துவிட்டு
ஒரு பையன் ஒதுங்கினான்.
பச்சைக் கொடி.

முதல் முடக்கை எனக்குத் தெரியும்.
இரண்டாம் முடக்குக்கு என்னைத் தெரியும்.
மூன்றாவதில், மண்மேட்டிலிருந்து கசிந்த தண்ணீர்
வீதிக்குக் குறுக்கே ஒரு முழம்.
போன வருடம் இங்கே ஓட்டிப் பழகியபோது
இடப்பக்கமிருந்து “இப்ப” என்று ஒரு குரல்.
அதற்குப் பிறகுதான் பிரேக்கைத் தொட்டேன்.
ஊசி போடும் ஆளுக்கு நேரம் பிசகாது.
இம்முறை ஒருவரும் சொல்லவில்லை.
கால் தானாகவே முந்திக்கொண்டு போய்விட்டது.
டர்போ மூச்சுப் பிடிப்பதற்குள்
மேலே கோடு.

போன வருடம் ஐம்பத்தொன்று தசம் மூன்று ஆறு.
இந்த வருடம் ஐம்பத்தொன்று தசம் மூன்று எட்டு.
ஏழு காரில் ஐந்தாவது, போன வருடமும் அதே ஐந்து.
கண்டிப் பல்வைத்தியரின் மினி முதலாவது;
அவர் எல்லோருக்கும் பல்லைக் காட்டினார்.
பாஸ் பொனெட்டைத் திறந்தார்,
ஒன்றையும் தொடாமல் மூடினார்.
“என்னயக் கழட்டி வெச்சும்
கூடத்தானே எடுத்திருக்கு?”
யோகமலர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பிளேன்டீ சிந்தியது.

அவளுக்கு இருக்கை இல்லை. பஸ்ஸில் ஏறினாள்.
பின்னாலேயே வருகிறேன் என்றேன்.
நானுஓயா தாண்ட மழை.
சாரதிக்கு ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கையில் அவித்த சோளம்;
நிற்பவர்கள் மட்டும் நாற்பது பேர்.
வெளியே விரித்து, உள்ளே தொட்டு, மறுபடி வெளியே:
இரவிரவாக வீடியோ பார்த்து நான் படித்த கோட்டை
அவர் சோளத்தைக் கடித்தபடி போட்டுக்கொண்டு போனார்.
என் பந்தய டயருக்கு ஈரம் என்றால் பயம்.
ஒற்றை வைப்பர் பாதிக் கண்ணாடியைத் துடைத்தது.
தலவாக்கலை வரை சிவப்பு விளக்கு தெரிந்தது.
சென்கிளயர் முடக்குகளில் ஹோன் மட்டும் கேட்டது.
பிறகு அதுவும் இல்லை.

ஹட்டன் பஸ் நிலையத்தில்
வடைப் பார்சலோடு நின்றாள்.
“பன்னண்டு நிமிசம்,” என்றாள்.
“தசம் தெரியாது.”

பழக்கத்தில் இடப்பக்கக் கதவைத் திறந்தவள்
கொஞ்சம் நின்றாள்.
கைப்பையை ஓட்டைகளின் மேல் வைத்தாள்,
வடையை அதன்மேல்.
கதவைச் சாத்திவிட்டு ஏற்றத்தில் நடந்தாள்.
நான் முதல் கியரில்,
அவள் செருப்பின் வேகத்துக்கு.

பாலத்தடி முடக்கில் வடை சரிந்தது.
கியரை விட்டுக் கையை நீட்டி
பிடித்துக்கொண்டேன். இன்னும் சூடாக இருந்தது.