சுற்றுகிறவள்

நான் குதிப்பவள் இல்லை. சுற்றுகிறவள்.
இரண்டு கயிறு, நான்கு முனை.
இந்த இரண்டு எனக்கு, அந்த இரண்டு ஜோவெட்டாவுக்கு.
ஒன்று மேலே போனால் மற்றது தரையை அறையும்.
டக்டக், டக்டக்.
பால்டிமோரில் எங்கள் தெருவுக்கு
ஜூலை முழுக்க இதுதான் கடிகாரம்.

மே மாதம் ஒருநாள் உள்ளே பாய்ந்தேன்.
கயிறு காலை வாரிவிட்டது.
என் முன்பல்லின் ஒரு மூலை
இன்னும் அந்த நடைபாதையில்தான் எங்கோ கிடக்கிறது.
அன்றிலிருந்து சுற்றுகிறேன்.
சுற்றுவதும் சும்மா இல்லை, தெரியுமா?
கை தளர்ந்தால் ஆட்டம் போச்சு.

கெஷான் குதிக்கும்போது நீங்கள் பார்க்க வேண்டும்.
எட்டுப் பின்னல், ஒவ்வொரு நுனியிலும் ஐந்து மணி,
மஞ்சளும் வெள்ளையும்.
வகுப்பில் அவள் தலையைத் திருப்பினாலே
"அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்து" என்பார் டீச்சர்.
மணிகளிடம் போய் யார் சொல்வது?
இங்கே அவைதான் தாளம்.
நாங்கள் எண்ணத் தவறினாலும் அவை தவறுவதில்லை.

வெயில் எங்களைத் தேடித்தான் இந்தத் தெருவுக்கு வருகிறது.
எங்கள் கருந்தோள்களில் ஏறி உட்கார்ந்தால்
இறங்க மனமில்லாமல் மினுங்கிக்கொண்டே இருக்கும்,
இரவு எட்டு மணி வரை.
"வெயிலில் நிற்காதே, இன்னும் கறுத்துப்போவாய்" என்று
லட்ரீஸின் பெரியம்மா ஜன்னலிலிருந்து கத்தினாள் ஒருமுறை.
"எவ்வளவு?" என்று கேட்டாள் லட்ரீஸ்,
ஆசை ஆசையாக.
ஜன்னல் மூடிக்கொண்டது.

ஐந்தரைக்கு அம்மா வந்தாள்.
ஐம்பத்துநாலாம் நம்பர் பஸ் ஓட்டுகிறவள்.
நீலச் சட்டை, தொப்பி, இடுப்பில் சாவிக்கொத்து.
விடியற்காலை நான்கு மணியிலிருந்து
"கொஞ்சம் சிரியேன்" என்று
சில்லறையோடு சேர்த்து அறிவுரையும் போட்டவர்களை எல்லாம்
பத்திரமாகக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருகிறாள்.
வழக்கமாக நேரே படியேறுவாள்.
இன்று நின்றாள்.
தொப்பியைக் கழற்றித் தபால்பெட்டியின் மேல் வைத்தாள்.
ஷூவைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"அம்மா, வேண்டாம்" என்றேன்.
யார் கேட்டது?
முன்னும் பின்னும் அசைந்தாள்,
கதவில்லாத ஒரு வாசலைப் பார்த்தபடி.
பிறகு, உள்ளே!

தெருவே எண்ண ஆரம்பித்தது.
பன்னிரண்டு. சாவிக்கொத்து துள்ளுகிறது.
இருபது. சலூனிலிருந்து
பாதிப் பின்னலோடு ஒருத்தி ஓடிவருகிறாள்,
சீப்போடு இன்னொருத்தி அவள் பின்னால்.
முப்பது. ஒற்றைக் கால். அரைச்சுற்று.
எனக்கு முதுகு காட்டி, மறுபடி முகம் காட்டி...

அந்த முகத்தை நான் முன்பு பார்த்ததில்லை.
பதினொரு வயதுப் பெண் ஒருத்தி.
வாடகைப் பணம் எண்ணும்போதும்
என் தலையைச் சிக்கெடுக்கும்போதும்
இவள் எங்கே இருந்தாள்?
யாரும் சொல்லாமலே சிரிக்கிறாள்.
வாய் நிறைய.

எனக்குத் தோள் எரிந்தது.
விடவில்லை.
முடிவு என் கையால் வரக் கூடாது.

நாற்பத்தாறில் காலுறை வழுக்கியது.
கயிறு அவளைச் சுற்றிக்கொண்டு நின்றது.
"என் முழங்கால்!" என்று மூச்சு வாங்கியவள்
ஷூவை எடுத்துக்கொண்டு படியேறிவிட்டாள்,
தொப்பியை மறந்து.

அதை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.
என் சுருட்டைமுடிக் கொண்டையின் மேல்
அது கப்பல் மாதிரி நின்றது.
கயிற்று முனைகளைக் கெஷானிடம் கொடுத்தேன்.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
டக்டக், டக்டக்.
முன்னே ஓர் அடி. பின்னே ஓர் அடி.
முன்னே.

ஏழில் தொப்பி விழுந்தது.
நான் விழவில்லை.
எத்தனை வரை போனேன் என்று
கெஷான் ஒரு கணக்குச் சொல்வாள், ஜோவெட்டா வேறு கணக்கு.
பல்லை வேண்டுமானால் பாருங்கள்:
உடைந்தது ஒன்றுதான், இன்றைக்கும்.