இருபது இறாத்தல்

லிப்ற் திருத்துகிறவன் நான்.
பம்பலப்பிட்டியில் பதினான்கு மாடி,
கொள்ளுப்பிட்டியில் இருபத்திரண்டு.
கயிறு பார்ப்பதுதான் வேலை:
பழந்துணியால் பிடித்து மெல்ல உருவும்போது
எங்கோ ஓர் இழை தெறித்திருந்தால்
துணியில் சிக்கும், சின்ன முள்ளாய்.

அதனால் இஃப்திகார் கடையில்
எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது.

இரண்டாம் குறுக்குத் தெரு. சனிக்கிழமை.
வெளியே நாட்டாமி ஒருவன்
"வழி, வழி" என்று
வெங்காய மூட்டையைத் தள்ளிக்கொண்டு போனான்.
கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து
இஃப்திகார் கேட்டான்:
"எதை எறியப் போறீங்க?"

என்ன மீன் என்று கேட்கவில்லை.
எந்த இடம் என்றும் கேட்கவில்லை.
நான் எறியப்போகும் பொய்
எவ்வளவு கனம் என்றுதான் கேட்டான்.

சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்தேன்.
விரல் நீளம், வெள்ளி வயிறு, செங்கல் நிறத் தலை,
கீழே இரண்டு மும்முனைக் கொக்கி.
நகைக்கடைக்காரன் மாதிரி உள்ளங்கையில் தூக்கினான்.
"பதினைஞ்சு கிராம்."

முதல் தடி விறைப்பு.
தாமரைக் கொடிக்குள் தவளைப் பொம்மை எறிந்து
கொடியோடு விராலைப் பிடுங்கலாம், தியவன்னாவில்.
என் பதினைந்து கிராமுக்கு அது அசையவே இல்லை.
தடி வளையாவிட்டால் பொய் பறக்காது.

அடுத்தது நுனியைத் தொட்டால்
பிடிவரை தலையாட்டியது,
எங்கள் மனேஜரைப் போல.
கொடுவாவின் வாய் எலும்பு.
ஆமாம் போடுகிற தடியால் அதில் கொக்கி ஏற்ற முடியாது.

மூன்றாவது, நுனி மட்டும் இளகி
இடுப்பிலிருந்து உறுதி. ஏழடி. இரண்டு துண்டு.
"ஒரே துண்டு இன்னும் நல்லம்," என்றான்.
முகத்துவாரம் பஸ்ஸில் அது ஏறாது என்றேன்.
தடி தெரிவில் கொண்டக்டருக்கும் ஒரு வாக்கு உண்டு.

நூலுக்குத்தான் நேரம் போனது.
தங்கூசி இழுபடும்;
மீன் தலையை உதறும்போது மன்னிக்கும்,
ஆனால் தூரத்தில் அது முகர்ந்து பார்த்ததை
உன்னிடம் சொல்லாது.
பின்னல் நூல் எல்லாவற்றையும் சொல்லும்.
மன்னிக்காது.
அதற்காகத்தான் நுனி இளகியிருக்க வேண்டும்;
எங்காவது ஓரிடம் விட்டுக்கொடுக்க வேண்டுமல்லவா.

"இருபது இறாத்தல் பின்னல்.
முன்னால ரெண்டு முழம்
நாப்பது இறாத்தல் தங்கூசி, கட்டாயம்."

சிரித்தேன்.
எட்டுப் பேரைத் தொங்கவிடும் கயிற்றுக்குக்
கையெழுத்து வைக்கிறவனுக்கு
இரண்டு முழம் பற்றிப் பாடமா?
தங்கூசியை மேசையிலேயே விட்டு வந்தேன்.

களனி கடலுக்குள் போகும் இடத்தில்
தண்ணீர் இரண்டு நிறம்.
தம்மிக பக்கத்தில் இறால் குத்திப் போட்டுவிட்டு
வெற்றிலை மென்றுகொண்டிருந்தான்.
நான் எறிந்தேன், சுற்றினேன், நிறுத்தினேன்.
ஒரு சொப்பிங் பை பிடித்தேன்.
எறிந்தேன்.

நிறுத்திய இடத்தில்
டொக்.

நூல் சொன்னது. நுனி குனிந்தது.
இடுப்பு தாங்கியது.
எல்லாம் சரியாகத்தான் இருந்தது,
அது எழும்பி, முழு உடம்பாய்,
வாயை விரித்துத் தலையை ஒருமுறை
இடமிருந்து வலம் உதறும்வரை.

பிறகு தடி நேராய் நின்றது.

"மோதா," என்றான் தம்மிக, சிங்களத்தில் அதன் பெயர்.
வேறொன்றும் சொல்லாமல் இறாலை மாற்றினான்.

நூலை விரல்களுக்கிடையில் உருவினேன், பழக்கத்தில்.
பிரியவில்லை, தேயவில்லை.
சவரக்கத்தி வைத்த மாதிரி வெட்டு.
செவுள்மூடியின் விளிம்பு பட்டிருக்கிறது.
பாரத்தால் அறுகிற கயிறு குறைவு,
உரசும் இடத்தைப் பாருங்கள் என்று
புதிதாய் வரும் பெடியளுக்கு
மாதாமாதம் சொல்கிறவன் நான்.

அன்றிரவு தூக்கம் பிந்தியது.
மீன் போனதற்கல்ல;
என் செங்கல் நிறத் தலையை உதட்டில் தொங்கவிட்டபடி
இருட்டுத் தண்ணீரில்
எங்கோ அது நிற்கிறது என்பதற்காக.

அடுத்த சனிக்கிழமை
தங்கூசி மட்டும் கேட்டேன்.
இஃப்திகார் முழம் போட்டு அளந்தான்,
இரண்டு, பிறகு கேட்காமலே இன்னொன்று.
என்ன நடந்தது என்று விசாரிக்கவில்லை.
எவ்வளவு பெரிசு என்று
நானும் கையை விரித்துக் காட்டவில்லை.