ஏழாம் எண் பலகை

லார்ச்நோ மாளிகையின் முகப்புப் பலகைகளைக்
கழற்றி, எண்ணிட்டு, அடுக்கச் சொன்னார்கள்.
சாரத்தில் ஏறினேன். மார்ச் மாதம்.
டே ஆற்று முகத்துவாரத்துக் காற்று
கணக்கு வாத்தியார் மாதிரி
காதைப் பிடித்துத் திருகியது.

கீழ்த்தளம் சிவப்பு மணற்கல்.
அதில் பொய் இல்லை.
உளி போன தடம் மழையில் தேய்ந்தும்
விரலுக்குத் தெரிகிறது.
மேல்தளம்தான் நாடகம்:
வெள்ளைக் காரை, அதன்மேல் கறுப்புச் சட்டங்கள்,
நெட்டாக, குறுக்காக,
முக்கோண முகப்பில் மட்டும் வளைந்து
மீன்முள் போல.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்றில்
சணலில் சம்பாதித்த ஆக்டர்லோனி
இங்கிலாந்தின் தெற்கே ஒரு விருந்துக்குப் போனார்.
நானூறு வருஷத்து ஓக் வீட்டில் தூங்கி எழுந்தார்.
திரும்பியதும், எனக்கும் ஒன்று, என்றார்.
வயலில் ஏர் தட்டினால் கல் கிடைக்கும் ஊரில்
மரத்தைக் காட்டிக்கொண்டு ஒரு வீடு.
கல்தச்சர் பெட்ரி கேட்டாராம்:
"கம்பளிச் சட்டையே இருக்கிறது ஐயா,
அதன்மேல் எதற்குக்
கம்பளி வரைந்த சட்டை?"
அவருக்கு அந்த வாரக் கூலி தாமதமானது.

ஓக்கூட இல்லை இது. பால்டிக் பைன்.
ஒன்றேகால் அங்குலம்.
செங்கல்லில் ஆப்பு செருகி, ஆப்பில் ஆணி.
கோபுரம் தாங்கும் பொம்மையாவது
தோளைக் குனித்து, பல்லைக் கடித்து
பாரம் சுமக்கிற பாவனை காட்டும்.
இவை அதுகூடச் செய்யவில்லை.
நூற்று முப்பது வருஷமாக
ஒப்புக்குச் சப்பாணியாக
நிமிர்ந்து நின்றன.

இன்று வீட்டுக்குள் நாலு குடித்தனம்.
கீழே பல் மருத்துவர் லோரிமர்,
"அலங்காரம் மாடிக்காரர் செலவு" என்று
கடிதம் எழுதுகிறவர்.
மாடியில் நெட்டா இம்ரி, பஸ் பரிசோதகராக இருந்தவர்,
எல்லாக் கடிதங்களையும்
துளையிட்டுக் கோத்து வைத்திருக்கிறார்.

ஒன்று. இரண்டு. ஆணிகள் கிறீச்சிட்டன.
நாலாவதைச் சுரண்டிப் பார்த்தேன்:
பதினான்கு பூச்சு. அடியில் கறுப்பே இல்லை,
அரக்குச் சிவப்பு.
எந்தத் தலைமுறையில் யாருக்குக் கறுப்பு பிடித்ததோ.
ஐந்து. ஆறு.

ஏழாவது, பிதுங்கிய ஜன்னலுக்கு இடப்பக்கம்.
கீழ் ஆணி வந்தது. மேல் ஆணி வரவில்லை.
கடப்பாரையைக் கொடுத்து நெம்பினேன்.
வீடு தொண்டையைச் செருமிற்று.
ஜன்னல் கண்ணாடியில் ஒரு கோடு
மெதுவாக, யோசித்து யோசித்து,
மூலையிலிருந்து மூலைக்குப் போனது.
உள்ளே நெட்டா, "என்னுடைய ஜெரேனியம்!" என்றார்.

கையை எடுத்தேன். மூச்சையும்.

பலகைக்குப் பின்னால் விளக்கடித்தால்
உள்ளே இருந்த நிஜ உத்தரம்
விரல் பட்டால் மாவு. காளான் நெடி.
ஓட்டைத் தகரத் தாரை எத்தனை மழைக்காலமாக
அங்கே இறங்கியதோ.
உத்தரம் தளர்ந்தபோது செங்கல் சாய்ந்தது,
செங்கல் சாய்ந்து ஆணிகளில் உட்கார்ந்தது,
ஆணிகள் பலகையில்,
பலகை தன் கீழ்முனையைக்
கல் விளிம்பில் ஊன்றிக்கொண்டது.
வரைபடத்தில் இல்லை. யாரும் சொல்லவில்லை.
ஒன்றேகால் அங்குலம்.

இரும்பு முட்டு வரும்வரை
தோளைக் கொடுத்து நின்றேன்.
அது எதற்கும் பயன்பட்டிருக்காது.
எஞ்சினியர் மெரன் டௌ வந்து
அறிக்கையில் "வெறும் ஒப்பனை" என்ற இடத்தை
இரண்டு முறை அடித்தார்.

உடைந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
டீக்கோப்பையோடு நெட்டா.
"இப்போது எதுதான் என் வீட்டைத் தாங்குகிறது?"
"இந்தப் பலகை."
"அது சும்மா ஒட்டி வைத்தது என்றார்களே."
"சும்மாதான் ஒட்டி வைத்தார்கள்."

கொஞ்ச நேரம் பார்த்தார்,
டிக்கெட்டில் தேதியைப் பார்க்கிற பார்வை.
பிறகு கோப்பையை என் கையில் திணித்துவிட்டு
மாடிப்படியில் தடதடவென்று இறங்கினார்,
"லோரிமர்! லோரிமர்!
தாங்குகிற கட்டை என்றால்
செலவு நாலு பங்கு!"