முறை நோட்டு

படகு வருகிறபோது நான் படிக்கட்டின் உச்சியில் இருப்பேன்.
ஐந்நூற்றுச் சொச்சம் படிகள்.
ஏறி வருகிறவர்களுக்கு மூச்சு திரும்பும்வரை
பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது
நோட்டில் எழுதாத விதி.
டிட்டிகாக்கா ஏரி அவர்கள் முதுகுக்குப் பின்னால் கிடக்கும்.
முதலில் குடிக்கத் தண்ணீர், பிறகுதான் ஏரி.

நேற்று வந்த இருவர் கைபேசியை நீட்டினார்கள்.
நீலக் கதவு. ஏரி பார்த்த ஜன்னல்.
நான்கரை நட்சத்திரம்.
பணமும் கட்டிவிட்டார்களாம்.

நோட்டைப் புரட்டினேன்.
முறை ருபெர்த்தாவுடையது.
மேட்டுக்கு அந்தப் பக்கம்.
ஜன்னலைத் திறந்தால் அவரைப் பாத்தி, ஆட்டுப்பட்டி,
அதற்கப்புறம் வெறும் வானம்.

"நாங்கள் தேர்ந்தெடுத்த வீடு இதில்லையே."
இங்கே விருந்தாளி வீட்டைத் தேர்ந்தெடுப்பதில்லை, அம்மா.
வீடும் விருந்தாளியைத் தேர்ந்தெடுப்பதில்லை.
மடை எந்த வயலுக்குத் திறக்கிறதோ
அன்றைக்குத் தண்ணீர் அந்த வயலுக்கு.

நீலக் கதவு என் மகன் நிக்கனோருடையது.

ஆறு வருஷத்துக்கு முன்னால்
இந்த நோட்டை மூடி வைத்துப் பார்த்தோம்.
துறையை ஒட்டிய எட்டு வீடுகளுக்குத் தகரக் கூரை ஏறியது.
மற்றவர்கள் வயிற்றில் அடுப்பு எரிந்தது.
மழையில் பாதிப் படிக்கட்டு சரிந்த காலை
சங்கு ஊதினோம்.
நூறு பேர் வருகிற இடத்தில்
மண்வெட்டியோடு நின்றவர்கள் பதினொரு பேர்.
"உங்கள் விருந்தாளி ஏறுகிற படி, நீங்களே கட்டுங்கள்" என்று
சொல்லியனுப்பினான் ஃபக்குந்தோ.
அவன் சொன்னதில் தப்பில்லை.

அந்தப் பதினொரு பேரில் நிக்கனோரும் ஒருவன்.
மனசு மறந்தாலும் தோள் மறக்காது என்று நினைத்திருந்தேன்.

நேற்று மாலையே சபை கூடியது.
கட்டிய பணம் ருபெர்த்தாவுக்கு.
அவன் பெயரை நானே வரிசையின் வாலுக்கு மாற்றி எழுதினேன்.
தொண்ணூற்று மூன்று.
மூன்றைப் போடும்போது பேனா கொஞ்சம் நின்றது.
ராத்திரி அவன் சாப்பிட வரவில்லை.
மருமகள் மட்டும் ஒரு கூடை உருளைக்கிழங்கை வைத்தாள்,
ஒரு வார்த்தை இல்லை,
பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

இன்று காலை அந்த இருவர் இறங்க வந்தார்கள்.
கணவருக்குக் கழுத்தெல்லாம் பூச்சிக்கடி.
படகு எத்தனை மணிக்கு என்பதைத் தவிர
வேறெதுவும் கேட்கவில்லை.
அந்தப் பெண்ணின் நகக்கண்ணில் மண்.
ராத்திரி பிறந்த ஆட்டுக்குட்டிக்கு ருபெர்த்தா
ஏதோ பெயர் வைத்தாளாம், அதற்கு என்ன அர்த்தம் என்றாள்.

தெரியாது என்றேன்.
'மூச்சு வாங்குகிறவள்' என்று அர்த்தம்.

ருபெர்த்தா பெயருக்கு நேரே கோடு இழுத்தேன்.
அடுத்தது எலியோதோரோ. கூரை ஒழுகும்,
மனுஷன் ராத்திரி முழுக்கப் பேசுவான்.

அதோ, படகு.