இரண்டு வுட்

வெள்ளி ராத்திரி ஒன்பதே கால்.
காங்கயம் ரோட்டுக் கம்பெனி, மாடி அறை.
ஏசி நின்றுவிட்டது. கீழே ஓவர்லாக் ஓடுகிறது.
லெஸ்டர் ஊர் ஹெதர் அம்மாளுக்குப்
பணம் கேட்டு ஒரு வரி எழுத வேண்டும்.
பன்னிரண்டாயிரம் பேபி பனியன்
கப்பல் ஏறி எழுபத்தொரு நாள்.
முதலாளி சென்னியப்பன் படியிறங்கும்போது சொன்னார்:
"நோகாமக் கேளு சாமி.
ஆனாக் கேட்டுப்போடு."

இஃப் யூ வில் பே என்று அடித்தேன்.
வில் கொஞ்சம் விறைப்பு,
பல்லடம் பஸ்ஸில் சில்லறை கேட்கிற மாதிரி.
அழித்தேன்.
இஃப் யூ குட் பே.
குட் என்றால் முடியுமா என்று ஆகிவிடுகிறது.
நாலு கடை வைத்திருப்பவரிடம் போய்
கையில் காசு இருக்கா என்று கேட்பதா?
அழித்தேன்.
இஃப் யூ பெய்ட்.
நேற்றே வந்துவிட்ட மாதிரி இருக்கிறது.
படிக்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.
கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
அழித்தேன்.

மிச்சம் இருப்பது வுட்.
இஃப் யூ வுட், வீ வுட்.
இஃப் இருக்கிற பக்கம் வுட் வரக்கூடாது;
ஊத்துக்குளிப் பள்ளியில் எட்டாம் வகுப்பில்
இதற்கு எனக்கு ரெண்டு மார்க் போனது.
சந்தேகத்துக்குப் பழைய மெயிலைத் தோண்டினேன்.
போன ஆடியில் ஹெதரே எழுதியிருக்கிறார்:
இஃப் யூ வுட் கைண்ட்லி
பீஸுக்கு மூணு பென்ஸ் குறைத்தால்
வீ வுட் பி மோஸ்ட் க்ரேட்ஃபுல்.
அந்த ஊர்க்காரரே போட்டிருக்கிறார், தப்பில்லை.
முடியுமா என்று அவர் கேட்கவில்லை,
மனசு வைப்பீர்களா என்று கேட்டிருக்கிறார்.
வைத்தோம்.
கட்டிங் டேபிளில் புது பிளேடு மாதிரி,
வெட்டு விழுந்ததே தெரியவில்லை.

எங்க பக்கம் இந்தத் தொல்லை இல்லை.
வினையை எப்படி வேண்டுமானாலும் வைத்துவிட்டு
வாலில் ஒரு ங்க போட்டால் போதும்.
இல்லீங்க. பஸ் போயிருச்சுங்க.
வாய்க்கால் தகராறில் கம்பை ஓங்குவதற்கு முன்னால்கூட
ஒரு ஏனுங்க வரும்.
இங்கிலீஷுக்கு ங்க இல்லை, பாவம்.
அதனால் வினையைப் பிடித்து
இறந்த காலத்துக்குள் தள்ளி நிறுத்துகிறது,
செருப்பைக் கழற்றுகிற தூரத்தில்.

கதவோரம் வஞ்சிக்கொடி.
சிங்கர் தைக்கிறவள்.
நாளைக்குச் சனிக்கிழமை.
போன வாரச் சம்பளத்தில் பாதி இன்னும் நிற்கிறது.
"ஏனுங்க்கா, நாளைக்குக் குடுத்தீங்கன்னா
நல்லாருக்குமுங்க."

குடுத்தீங்கன்னா.
நாங்கள் இன்னும் கொடுக்கவில்லை.
அவள் வாயில் கொடுத்தாயிற்று,
குடுத்தீங்க, நடந்து முடிந்த ஒன்று,
அதன் ஓரத்தில் ஒரு ன்னா.
முப்பத்திமூணு வருஷம் இதைத்தான் பேசுகிறேன்.
வந்தீங்கன்னா, பார்த்தீங்கன்னா, மழை பேஞ்சுதுன்னா.
ஒருநாளும் காதில் விழுந்ததில்லை.
நாங்களும் ஒரு அடி தள்ளித்தான் நிற்கிறோம்,
ங்கவும் போட்டுக்கொண்டு.
ரெட்டைத் தையல்.

"குடுத்தர்லாம்" என்றேன்.
யார் என்று சொல்லாத வினை,
எனக்கு எப்போதும் கைகொடுப்பது.
அவள் தலையாட்டிவிட்டு இறங்கினாள்.

ரெண்டு வுட்டோடு மெயில் போயிற்று.
பத்து மணிக்குப் பதில். அங்கே சாயங்காலம்.
வீ வுட் இஃப் வீ குட்.
அஞ்சே சொல், ஒரு பிழை இல்லை.
கூடவே ஒரு ஸாரி,
குளிர் எப்படி, அங்கே மழையா என்று விசாரிப்பு.
மூணு பென்ஸைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஓவர்லாக் நின்றது.
கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிறது.
டிபன் தூக்கோடு வஞ்சிக்கொடி மறுபடி எட்டிப் பார்த்தாள்.
"அக்கா, எப்பங்க?"
ன்னா போய்விட்டது.
ங்க மட்டும் பாக்கி.

புது மெயில் திறந்தேன்.
இஃப் வேண்டாம் என்று
வென் அடித்தேன்.
அதற்கு அடுத்து விரல் தானாகப் போய்
வுட் என்று போட்டது.